பச்சை ஸ்மூத்தி ஏன் பழுப்பாகிறது? வீட்டில் நாம் செய்யும் தவறுகள்

முதல் தடவை நான் செய்த பச்சை ஸ்மூத்தி பச்சையாகவே இல்லை. ஒரு கட்டு பாலக்கீரை, அரை மாதுளை, ஒரு கொத்து கறுப்புத் திராட்சை, ஒரு வாழைப்பழம், எல்லாவற்றையும் ஒன்றாக ஜாரில் போட்டு அரைத்தேன். வந்தது குளத்துச் சேற்றின் நிறம். மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏம்மா, மருதாணி அரைச்ச வாசனை வருதே" என்றார். அவர் சொன்னது ரொம்பச் சரி. அன்றைக்கு நடந்த தவறுகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் இதை முதல் தடவையிலேயே நன்றாகச் செய்துவிடலாம்.

நிறத்திலிருந்தே தொடங்குகிறேன். பச்சையும் சிவப்பும் கலந்தால் பழுப்புதான் வரும். மாதுளை, நாவல், ஸ்ட்ராபெர்ரி, கறுப்புத் திராட்சை எல்லாம் நல்ல பழங்கள்தான், ஆனால் கீரையோடு சேர்ந்தால் பார்க்கவே பிடிக்காத நிறமாகிவிடும். குழந்தைகள் கண்ணால் பார்த்தே வேண்டாம் என்று தள்ளுவது இதனால்தான். மாம்பழம், வாழை, அன்னாசி, பச்சைத் திராட்சை, பேரிக்காய் ஆகியவை கீரையின் பச்சையைக் கெடுக்காது. மாம்பழம் சேர்த்தால் தளிர் இலை போன்ற இளம்பச்சை வரும்.

இன்னொரு காரணம் புளிப்பு. இலையின் பச்சை நிறமியான குளோரோஃபிலின் நடுவில் மெக்னீசியம் இருக்கிறது. அமிலம் பட்டால் அது வெளியேறி, பச்சை மங்கி ஆலிவ் நிறத்துக்கு மாறும். புளி விட்டுக் கடைந்த கீரை நிறம் மாறுவதும் இதே காரணத்தால்தான். அடுப்பில் சீக்கிரம் நடப்பது குளிர்ந்த ஸ்மூத்தியில் மெதுவாக நடக்கும். ஆகவே எலுமிச்சையைக் கடைசியில் பிழிந்து, உடனே குடித்துவிடுங்கள்.

கீரையில்தான் பெரிய தவறு

வெளிநாட்டுக் குறிப்புகளில் "ஸ்பினாச் இரண்டு கப்" என்று இருக்கும். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சின்னஞ்சிறு தளிர் இலைகளை. நம் சந்தையில் கிடைக்கும் பாலக் முற்றிய இலை, தடித்த தண்டு. அதில் இரண்டு கப் போட்டால் கீரை வாசனை தவிர வேறெதுவும் தெரியாது. ஒருவருக்கு ஒரு கைப்பிடி போதும், சுமார் 30 கிராம். தண்டைக் கிள்ளிவிட்டு இலையை மட்டும் எடுங்கள். கீரை கூடக்கூடச் சத்தும் கூடும் என்று நினைத்துத்தான் பலரும் அள்ளிப் போடுகிறார்கள். குடிக்க முடியாத ஸ்மூத்தியால் யாருக்கும் சத்து சேராது.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஸ்பினாச்சைப் பல மொழிபெயர்ப்புக் குறிப்புகளில் "பசலைக்கீரை" என்று எழுதிவிடுகிறார்கள். நம் ஊரில் பசலை என்றால் கொடியாகப் படரும் கீரை, கொழகொழப்பாக இருக்கும். அதை அரைத்தால் ஸ்மூத்தி வழவழவென்று இழுபடும். குறிப்பில் பசலை என்று இருந்தாலும் கடையில் பாலக் என்று கேட்டு வாங்குங்கள்.

முருங்கை, அகத்தி, வெந்தயக்கீரை, சிறுகீரை எல்லாம் அடுப்புக்கு உரியவை. பச்சையாக அரைத்தால் கசப்போ காட்டமோ எந்தப் பழத்தாலும் மறையாது. பாலக்குக்குத் துணையாகப் பத்துப் புதினா இலை போடலாம். ஒரே ஒரு இளம் வெற்றிலை போட்டுப் பாருங்கள், அன்னாசியோடு அது அருமையாகச் சேரும்.

கழுவுவதில் அலட்சியம் கூடாது, ஏனென்றால் இதை வேகவைக்கப் போவதில்லை. நறுக்கும் முன்பே அகலப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி இலையை அலசுங்கள். அப்புறம் தண்ணீரைச் சாய்க்காமல், இலையைக் கையால் மேலே தூக்கி எடுங்கள். மண் அடியிலேயே தங்கிவிடும். பாத்திரத்தின் அடியில் விரலை வைத்துத் தேய்த்தால் நறநறப்பு இல்லை என்று ஆகும்வரை, மூன்று நான்கு தடவை இப்படிச் செய்யுங்கள்.

சிலர் கட்டாயம் கவனிக்க வேண்டியது

பாலக்கில், கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகக்கூடிய ஆக்ஸலேட் என்ற பொருள் மிக அதிகம். 100 கிராம் பச்சை இலையில் 600 மில்லிகிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்ஸலேட் கற்கள்தான். வேகவைத்து நீரை வடித்தால் ஆக்ஸலேட்டில் ஒரு பங்கு போய்விடும், பச்சையாக அரைக்கும்போது அப்படியே உள்ளே போகிறது. 2018-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் 65 வயதுப் பெண் ஒருவரைப் பற்றிய குறிப்பு வெளியானது. உடலைச் "சுத்தம் செய்ய" என்று பச்சை ஸ்மூத்தியைத் தொடர்ந்து குடித்ததால் அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. ஏற்கெனவே இரைப்பை பைபாஸ் அறுவை செய்துகொண்டவர், நீண்ட நாள் ஆன்டிபயாடிக் எடுத்தவர் என்ற காரணங்களும் அதில் உண்டு. ஆரோக்கியமாக இருப்பவர் ஒரு கைப்பிடிக் கீரைக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வாரக்கணக்கில் சாப்பாட்டுக்குப் பதிலாக இதையே குடிப்பது தவறு. இரண்டு கரண்டி தயிர் சேர்ப்பது நல்லது, அதிலுள்ள கால்சியம் ஆக்ஸலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும்.

கல் வந்தவர்கள் பாலக்கைத் தவிர்த்துவிட்டுப் புதினா, கொத்தமல்லி கொஞ்சமாகச் சேர்த்துச் செய்துகொள்ளலாம். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு வேறு ஆபத்து. பாலக், வாழைப்பழம், இளநீர் மூன்றிலும் பொட்டாசியம் அதிகம், எல்லாரும் சொல்லும் பச்சை ஸ்மூத்தியில் இந்த மூன்றும்தான் இருக்கும். இதயத்தில் வால்வு மாற்றியவர்கள் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரை எடுப்பார்கள். கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். இவர்கள் டாக்டரைக் கேட்காமல் தினசரிக் கீரை அளவை மாற்றவே கூடாது. பெற்றோருக்கு அன்போடு ஒரு டம்ளர் கலக்கிக் கொடுக்கும் முன் அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளை ஒரு தடவை பாருங்கள்.

மிக்ஸியில் போடும் வரிசை

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போட்டால் பழம் கூழாகிவிடும், இலை மட்டும் துணுக்குத் துணுக்காக நின்று பல்லில் ஒட்டும். கீரையை முதலில் தனியாக அரைக்க வேண்டும். அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் வேண்டாம். தண்ணீர் அதிகமானால் இலை மேலே சுற்றிக்கொண்டே இருக்கும், பிளேடில் சிக்காது. ரொம்பக் குறைந்தால் ஜாரின் பக்கங்களில் ஒட்டிக்கொள்ளும். விப்பரில் இரண்டு மூன்று தடவை விட்டு, மூடியைத் திறந்து, ஒட்டியதைக் கரண்டியால் வழித்துவிட்டு, அப்புறம் ஓடவிடுங்கள். ஒரு சொட்டை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள், இலைத்துணுக்கு தட்டுப்படாவிட்டால் பழத்தைப் போடலாம். ஒருவருக்கு மட்டும் செய்தால் பெரிய ஜார் சரிவராது, நடுத்தர ஜாரை எடுங்கள்.

சாதாரண மிக்ஸியில் ஐஸ் கட்டி போட வேண்டாம், பிளேடு மழுங்கும். போதாக்குறைக்கு உருகி ஸ்மூத்தியையும் நீர்க்க வைக்கும். கனிந்த வாழைப்பழத்தை உரித்து வட்டமாக நறுக்கி ஃப்ரீசரில் வைத்திருந்தால் குளிர்ச்சியும் கெட்டித்தன்மையும் சேர்ந்தே வரும். தோலோடு வைத்தால் பிறகு உரிக்கப் படாதபாடு பட வேண்டும். ரஸ்தாளியில் சில சமயம் உள்ளே கல்போன்ற கட்டி இருக்கும், அது அரைபடாது. பச்சை வாழைப்பழம் என்று விற்கும் நீளப்பழம்தான் இதற்கு வெண்ணெய் போல் அரைபடுகிறது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலருக்கும் புரியாமல் போவது: பூண்டுச் சட்னி அரைத்த ஜார். எத்தனை தடவை கழுவினாலும் மூடியின் வாஷரில் வாசனை தங்கியிருக்கும். வாஷரைக் கழற்றிக் கழுவி வெயிலில் காயவையுங்கள். முடிந்தால் பழத்துக்கென்று ஒரு ஜாரை ஒதுக்கிவிடுங்கள்.

கசப்பு எங்கிருந்து வருகிறது?

பப்பாளியோடு பால் சேர்த்து அரைத்து, பத்து நிமிடம் கழித்துக் குடித்தால் கசக்கும். பப்பாளியில் உள்ள பப்பெய்ன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது. அன்னாசியின் புரோமெலைனும் இதையே செய்யும், கிவியும் அப்படித்தான். தயிரும் தப்பாது. இந்தப் பழங்களுக்கு இளநீரோ தண்ணீரோ போதும். டின்னில் வரும் அன்னாசி சூடுபடுத்தப்பட்டது என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை. சாத்துக்குடியை விதையோடும் வெள்ளைத் தோலோடும் அரைத்தாலும் கசக்கும். அதன் சாறு வைத்திருந்தாலே கசப்பேறும். பிழிந்த கையோடு கலக்க வேண்டும்.

வெள்ளரிக்காய் சேர்ப்பவர்கள் ஒரு துண்டை முதலில் வாயில் போட்டுப் பாருங்கள். சுரைக்காய் என்றால் இதில் இன்னும் கண்டிப்பு வேண்டும். கசப்புச் சுரைக்காயில் குக்குர்பிட்டசின் என்ற நச்சு உண்டு, நம் நாட்டில் அந்தச் சாற்றைக் குடித்து உயிரே போயிருக்கிறது. கசந்தால் துப்பிவிட வேண்டும், வேறு சாற்றோடு கலக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த நிபுணர் குழு சொல்லியிருக்கிறது. பழத்தின் இனிப்பு கசப்பை மறைத்துவிடும் என்பதால் சுரைக்காயை நான் ஸ்மூத்தியில் சேர்ப்பதே இல்லை.

இனிப்பைப் பொறுத்தவரை, தேன் இயற்கையானது என்று தாராளமாக ஊற்றிவிடுகிறோம். ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தேனையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையின் கணக்கில்தான் வைக்கிறது, ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பழம் நன்றாகக் கனிந்திருந்தால் தேன் தேவையே இல்லை. ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள், இனிப்பு தானாகத் தூக்கலாகத் தெரியும். வடிகட்டவும் வேண்டாம், வடிகட்டினால் நார்ச்சத்தைக் கொட்டிவிடுகிறோம்.

இப்போது எங்கள் வீட்டில் இருவருக்கு இரண்டு கைப்பிடி பாலக், உறைய வைத்த ஒரு வாழைப்பழம், ஒரு கப் மாம்பழத் துண்டு, மூன்று கரண்டி தயிர், ஊறவைத்த நாலு முந்திரி, துளி இஞ்சி. முந்திரி ருசிக்காக மட்டும் இல்லை, கீரையின் பீட்டா கரோட்டின் (உடல் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் சத்து) உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். மாம்பழம் இல்லாத மாதங்களில் பேரிக்காய். கடைசியில் அரை மூடி எலுமிச்சை. காலையில் நேரம் இல்லாதவர்கள் ஸ்மூத்தியை முதல்நாளே செய்து வைக்காமல், கீரையை மட்டும் அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். காலையில் இரண்டு கட்டியை எடுத்து வெளியே ஐந்து நிமிடம் வைத்துவிட்டுப் பழத்தோடு அரைத்தால் நிறமும் மாறாது, மிக்ஸிக்கும் சிரமமில்லை. மாமியார் இப்போது தன் டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்.