விசைப்படகுப் பந்தயத் தொடருக்கு ஊர் தேர்ந்தெடுப்பது எப்படி?

கடல் விசைப்படகுப் பந்தயத் தொடரை முதன்முதலாக நடத்தப் போகிறவர்களில் பலர், நல்ல கடற்கரையாகப் பார்த்து ஊரை முடிவு செய்துவிட்டு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிடுகிறார்கள். பந்தயத்தன்று காலையில் கடல் பொங்கி நிற்கும்போதுதான், பாதையைக் கரைப்பக்கம் ஒதுக்கிப் போட ஆழம் இல்லை, படகை இறக்க வேறு இடமும் இல்லை என்பது தெரியவரும். அதனால் என்னிடம் யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: ஊரை அதன் நல்ல நாளை வைத்து எடை போடாதீர்கள், மோசமான நாளை வைத்துப் போடுங்கள். கீழே வரும் படிகள் எல்லாமே அந்த மோசமான நாளைத் தேடிப் போகிற வழிதான்.

தொடங்குவதற்கு ஒரு நோட்டு, அந்தக் கரையின் கடல் வரைபடம், அடிக்கோல், சில வருடங்களின் காற்றுப் பதிவுகள், இவ்வளவு போதும்.

படி 1: எந்தப் படகுகள் வரும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

இதற்கு அரை மணி நேரம் போதும். இந்தப் பந்தயங்களின் மிக உயர்ந்த பிரிவான கிளாஸ் 1-இன் இரட்டை உடல் படகு, அதாவது கேட்டமரன், 40 அடிக்கு மேல் நீளம், ஏறக்குறைய 5 டன் எடை. மணிக்கு 160 மைலை ஒட்டிய வேகம் அதற்குச் சர்வ சாதாரணம். இன்னொரு முனையில், ஒற்றை இன்ஜினோடு வரும் சிறிய படகுகள் இருக்கும். அலை கொஞ்சம் எழும்பினாலே அவற்றுக்குத் திண்டாட்டம். இரண்டையும் ஒரே நாளில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் கணக்கு இதுதான்: மிகப் பெரிய படகு கிரேனை முடிவு செய்யும், மிகச் சிறிய படகு கடலை முடிவு செய்யும்.

ஊர் என்பது ஏன் இவ்வளவு முக்கியமானது என்பதற்கும் ஒரு வார்த்தை. 1956-இல் அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நாசோ நகருக்கு ஓடிய பந்தயமும், 1961-இல் இங்கிலாந்தில் கௌஸ் நகரிலிருந்து டார்க்கிக்கு ஓடிய பந்தயமும் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் முடிந்தவை. ஊர்களுக்கு வழியனுப்புவதும் வரவேற்பதும்தான் வேலை. இப்போதைய தொடர்கள் பெரும்பாலும் கரையோரமாக ஐந்தாறு மைல் சுற்றுப்பாதையில் நடக்கின்றன. பார்வையாளர், பிட் (படகுகளைத் தயார் செய்து நீரில் இறக்கும் இடம்), ஆம்புலன்ஸ், போக்குவரத்து என்று முழுச் சுமையும் ஒரே ஊரின் தலையில் விழுகிறது.

படி 2: கடலைப் படியுங்கள்

இந்தப் படியில் அவசரமே கூடாது. நான்கைந்து ஊர்களை இங்கேயே கழித்துவிட்டால் பின்னால் நிறைய அலைச்சல் மிச்சம்.

முதலில் காற்று. பந்தயம் வைக்க நினைக்கும் அதே மாதத்துக்கான பதிவை எடுங்கள். வருட சராசரி எதற்கும் உதவாது. காற்றின் வலிமையைச் சொல்லும் போஃபர்ட் அளவையில் 4 என்றால் காற்று 11 முதல் 16 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்), திறந்த கடலில் அலை சுமார் ஒரு மீட்டர். 5 என்றால் 17 முதல் 21 நாட், அலை இரண்டு மீட்டரைத் தொடும். சிறிய படகுகள் உள்ள தொடருக்கு இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோடு. அந்த மாதத்தில் எத்தனை நாள் காற்று 16 நாட் வேகத்தைத் தாண்டியது என்று ஒவ்வொரு வருடமாக எண்ணுங்கள். மூன்றில் ஒரு நாள் என்று வந்தால், அந்த ஊரை அந்த மாதத்துக்கு வைக்காதீர்கள். வேறு மாதத்தில் அதே ஊர் அருமையாக இருக்கலாம்.

அடுத்து, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது. நிலத்திலிருந்து கடலுக்கு வீசினால், கரையோரம் நீர் ஓரளவு தட்டையாகவே இருக்கும். கடலிலிருந்து நிலத்துக்கு வீசினால், தடையில்லாமல் பல மைல் ஓடிவந்த அலை முழுதும் உங்கள் பாதையில் வந்து விழும். இதோடு வெயில் ஏற ஏறத் தரை சூடாகிக் கடற்காற்று கிளம்பும். காலை 10 மணிக்குக் கண்ணாடி மாதிரி இருந்த நீர் பிற்பகல் 3 மணிக்கு நொறுங்கிக் கிடக்கும். அதனால் ஊரைப் பார்க்கப் போனால் அதே மாதத்தில், பந்தய நேரத்திலேயே போங்கள். ஓட்டல் மாடியிலிருந்து காலையில் எடுத்த புகைப்படத்தை நம்பி எந்த ஊரையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏற்றவற்றமும் நீரோட்டமும் அடுத்தது. நீரோட்டம் ஒரு பக்கமும் காற்று எதிர்ப்பக்கமும் போனால், அலை உயரம் அதே அளவில் இருந்தாலும் குட்டையாக, செங்குத்தாக நிற்கும். படகு ஓர் அலையின் தலையிலிருந்து தாவி அடுத்த அலையின் முகத்தில் குத்துவது அப்போதுதான். நீரோட்ட அட்டவணையைப் பந்தய நேரத்தோடு வைத்துப் பாருங்கள். சில ஊர்களில் ஒரு மணி நேரம் தள்ளிவைத்தாலே பிரச்சினை தீர்ந்துவிடும். ஏரிகளிலும் கவனம் வேண்டும். மிச்சிகன் ஏரி மாதிரியான பெரிய நன்னீர் ஏரிகளில் அலைகளுக்கு இடையே தூரம் குறைவு. உயரம் குறைவாக இருந்தாலும் உலுக்கல் அதிகம்.

துறைமுகத்துக்குள் பாதை போட்டால் இன்னொரு சிக்கல். செங்குத்தான கல் சுவரில் மோதிய அலை கரையில் ஓய்வதுபோல ஓயாது, திரும்பி வரும். முப்பது படகுகள் ஓடினால், அவை கிளப்பிய அலையும் சுவரிலிருந்து திரும்பிய அலையும் சேர்ந்து நீர் எல்லாப் பக்கமும் குதிக்கும். சரிவாகக் கொட்டிய பாறைகளோ மணல் கரையோ இருந்தால் அது பெரிய வரம்.

கடைசியாகக் கப்பல்கள். 1987 ஆகஸ்டில், இங்கிலாந்தின் வைட் தீவுக்கு அருகே நடந்த பந்தயத்தில், முன்னாள் ஃபார்முலா 1 ஓட்டுநர் திதியே பிரோனியின் படகு ஓர் எண்ணெய்க் கப்பல் கிளப்பிய அலையில் ஏறிக் கவிழ்ந்தது. படகிலிருந்த மூவருமே இறந்தார்கள். வானிலை அறிக்கையில் வராத அலை அது. ஆகவே வரைபடத்தில் கப்பல் வழிகளைச் சிவப்புப் பேனாவால் வரையுங்கள். பாதை அதைத் தொட்டால், பந்தய நேரத்தில் கப்பலையும் படகுப் பேருந்தையும் நிறுத்திவைக்கத் துறைமுக அதிகாரி எழுத்தில் சம்மதிப்பாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த ஊர் வேண்டாம். இதில் நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்கமாட்டேன்.

படி 3: பாதையை வரைந்து பாருங்கள்

மணிக்கு 160 மைல் என்றால் விநாடிக்கு 71 மீட்டர். 200 மீட்டர் முன்னால் ஒரு மிதக்கும் மரக்கட்டையைப் பார்த்த ஓட்டுநருக்கு மூன்று விநாடிகூட இல்லை. இந்தக் கணக்கை நோட்டின் மேலேயே எழுதிவைத்துக்கொண்டு வரையத் தொடங்குங்கள்.

வளைவின் வெளிப்பக்கம்தான் கட்டுப்பாடு இழந்த படகு போகும் இடம். அங்கே பாறை, பாலத்தூண், நங்கூரமிட்ட பார்வையாளர் படகு எதுவும் இருக்கக் கூடாது. நேர்க்கோட்டின் முடிவில் மாலைச் சூரியன் ஓட்டுநரின் கண்ணில் நேராக அடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பார்வையாளர். பாதை கரையை விட்டு ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப்போனால், கரையில் நிற்பவருக்குப் படகு தெரியாது, பின்னால் சீறும் நீர்த்தூவல் மட்டும்தான் தெரியும். குடும்பத்தோடு வந்தவர்கள் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள்.

ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு பாதைகள் வரையுங்கள். ஒன்று கடல் அமைதியான நாளுக்கு, மற்றொன்று பொங்கிய நாளுக்கு, மறைவான நீருக்குள் ஒதுங்கியது. இரண்டாவது பாதையை வரையவே முடியவில்லை என்றால், மோசமான நாள் வந்தால் அந்த ஊரில் பந்தயமே இல்லை என்று பொருள்.

படி 4: பிட்டில் நடந்து பாருங்கள்

வரைபடத்தை மூடிவிட்டுக் காலணியைப் போட்டுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையிலிருந்து படகுத்துறை வரை, ட்ரெய்லர் வரும் வழியிலேயே நடங்கள். அகலமான படகுகளை ட்ரெய்லரில் சாய்த்து வைத்துத்தான் கொண்டுவருவார்கள். சாய்ந்த பக்கம் உயரத்தில் இருக்கும். தாழ்ந்த மின்கம்பி, மரக்கிளை, ஒரே வண்டி திரும்பக்கூடிய முனை, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

துறையில் நின்று கிரேனை நிறுத்தும் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். கிரேனில் எழுதியிருக்கும் டன் அளவு, கை குறுகியிருக்கும்போது தூக்கக்கூடியது. கை நீள நீளத் தூக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். கிரேன் துறையின் விளிம்பிலிருந்து நான்கைந்து மீட்டர் பின்னால்தான் நிற்க முடியும், படகு அதற்கு அப்பால் இறங்க வேண்டும் என்றால், அந்தத் தூரத்தில் எத்தனை டன் தூக்கும் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். கிரேனின் கால்கள் ஊன்றும் தரை அந்தப் பளுவைத் தாங்குமா என்றும் துறையின் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். பழைய துறைகளில் கான்கிரீட்டுக்குக் கீழே மண் அரித்துப்போய் வெறும் பள்ளம் இருப்பதுண்டு.

நேரக் கணக்கும் போடுங்கள். படகின் வயிற்றுக்கு அடியில் பட்டைகளை மாட்ட வேண்டும். இரண்டு பேர் முன்னும் பின்னும் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, தூக்கிய படகு காற்றில் மெல்லத் திரும்பும். அதை நேராக்கி, நீரில் இறக்கி, பட்டைகளை அவிழ்க்க வேண்டும். ஒன்றுக்கு 6 நிமிடம் என்றாலும் 30 படகுக்கு 3 மணி நேரம். திரும்ப ஏற்ற இன்னொரு 3 மணி நேரம். ஒரே கிரேன் என்றால் பந்தய நாளில் மீதி எதற்கும் நேரமில்லை. இரண்டு கிரேனுக்கு இடம் இருக்கிறதா, ஒன்று பழுதானால் சரிவுத்தளம் வழியாகச் சிறிய படகுகளையாவது இறக்க முடியுமா என்று பாருங்கள்.

நன்னீர்க் குழாய்களை எண்ணுங்கள். இது அற்பமாகத் தோன்றும். உப்பு நீரில் ஓடிய இன்ஜினைக் கையோடு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இரண்டே குழாய் இருக்கும் துறையில், ஓடி முடித்த அணிகள் இரவு வரை வரிசையில் நிற்கும்.

படி 5: மீட்புக்கு என்ன இருக்கிறது?

இன்றைய பந்தயப் படகுகள் பலவற்றில் ஓட்டுநர்கள் மூடிய கூண்டுக்குள் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். படகு கவிழ்ந்தால் தலைகீழாக நீருக்குள் இருப்பார்கள். டைவர்கள் நொடிகளில் அங்கே போயாக வேண்டும். அதனால்தான் பெரிய பந்தயங்களில் ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கும் டைவர்களை வைத்திருக்கிறார்கள். அப்படியானால் ஊரில் ஹெலிகாப்டர் இறங்க இடம் வேண்டும், அவசரக் காயச் சிகிச்சை தரும் மருத்துவமனை பக்கத்தில் வேண்டும். நெரிசல் நாளில் ஆம்புலன்ஸில் அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்று நீங்களே வண்டியில் போய்ப் பாருங்கள். அந்த ஊருக்கு ஒரே பாலம்தான் வழி என்றால், பார்வையாளர் கார்கள் அதை அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஏற்பாடு உண்டா என்று காவல்துறையிடம் கேளுங்கள்.

படி 6: அனுமதியும் அக்கம்பக்கமும்

அனுமதிக்கு ஆகும் காலம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் கடலோரக் காவல்படையின் பொதுவிதிப்படி, புதிய நீர்விளையாட்டு நிகழ்ச்சிக்கு 135 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். முன்பு நடத்திய அதே நிகழ்ச்சியைப் பெரிய மாற்றமில்லாமல் மறுபடி நடத்துகிறவர்களுக்கு அது 60 நாளாகக் குறையலாம். ஃபுளோரிடாவில் மேனட்டி என்ற கடற்பசு நடமாட்டத்தைக் கண்காணிக்கவும் ஆள் போட வேண்டிவரும். பாதைக்குள் ஒன்று வந்தால் பந்தயம் நிற்கும்.

காகிதத்துக்கு முன்னால் மீனவர்களைப் போய்ப் பாருங்கள். நண்டுக்கூட்டின் மிதவைக் கயிறு ஒன்று சுழல்விசிறியில் சுற்றினால் படகுக்கும் ஆபத்து, அவர்களுக்கும் நட்டம். எந்த நாளில் கூடுகளை எடுக்க வேண்டும், இழந்த நாளுக்கு என்ன ஈடு என்பதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். அறிவிப்புப் பலகை வைத்த பிறகு போய்ப் பேசினால் அது கட்டளை மாதிரி ஆகிவிடும், நியாயமும் இல்லை.

படி 7: ஊருக்கு என்ன லாபம்?

ஊரார் பணம் தருவது அறைகள் நிரம்பும் என்றுதான். எனவே அறைகள் தானாகவே நிரம்பும் வாரத்தைக் கேட்காதீர்கள். ஃபுளோரிடாவின் கீ வெஸ்ட்டில் உலகச் சாம்பியன் போட்டிகள் குளிர்காலக் கூட்டம் வருவதற்கு முன், நவம்பரில் நடப்பது இதற்கு நல்ல உதாரணம். அங்கே டூவால் தெருவில் படகுகளை ஊர்வலமாகவும் இழுத்துவருவார்கள். கடற்கரைக்கு வராத கடைக்காரருக்கும் பந்தயம் வந்தது தெரியும். உங்கள் ஊரில் அப்படி ஒரு தெரு இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் தங்கும் விடுதி வரியிலிருந்துதான் இந்த மாதிரி நிகழ்ச்சிகளுக்கு நிதி ஒதுக்குகிறார்கள். அந்த வரவு செலவுத் திட்டம் எந்த மாதம் முடிவாகிறது என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

படி 8: ஊர்களை வரிசையாகக் கோத்துப் பாருங்கள்

தனித்தனியாக நல்ல ஊர்கள் சேர்ந்தால் நல்ல தொடர் ஆகிவிடாது. அமெரிக்கத் தொடர்கள் மே மாதம் ஃபுளோரிடாவின் கோகோ பீச்சிலும், ஆகஸ்டில் மிச்சிகன் ஏரிக்கரையின் மிச்சிகன் சிட்டியிலும் ஓடியிருக்கின்றன. இடையில் ஆயிரம் மைலுக்கு மேல் சாலைப் பயணம். இப்படிப்பட்ட தூரத்துக்கு நடுவே குறைந்தது மூன்று வாரமாவது விடுங்கள். இன்ஜினைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அணிக்காரர்கள் பலர் திங்கட்கிழமை வேறு வேலைக்குப் போகிறவர்கள். தூரமான ஊர்களுக்குப் போனால் அடுத்தடுத்து இரண்டை வைத்துவிட்டுத் திரும்புங்கள். புயல் காலம் இருக்கும் கரைகளில் தேதியை அதன் உச்சத்திலிருந்து தள்ளிவையுங்கள். அட்லாண்டிக்கில் அது ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பரை ஒட்டி.

முதல் வருடத்துக்கு மூன்று ஊர், மிஞ்சினால் நான்கு. இறுதிப் போட்டியை, பொங்கிய நாளுக்கான பாதை எந்த ஊரில் மிக நன்றாக அமைந்ததோ, அங்கே வையுங்கள். பட்டம் முடிவாகும் நாளில் பந்தயம் ரத்தானால், வருடம் முழுக்க ஓடியவர்களுக்கு அதைவிடப் பெரிய வருத்தம் இல்லை.

அட்டவணையை வெளியிடும் முன் இன்னும் ஒரு வேலை பாக்கி. கழித்த ஊர்களில் அடுத்த இடத்தில் இருந்த ஊருக்கு எழுதுங்கள். எந்தத் தேதிவரை சொன்னால் மாற்று ஊராக நிற்க முடியும், கிரேனை எத்தனை நாளில் வரவழைக்க முடியும், அனுமதிக்கு இப்போதே விண்ணப்பித்து வைக்கலாமா என்று கேளுங்கள். பதில் கையெழுத்தோடு வந்த பிறகு தேதிகளை அறிவியுங்கள்.