பழைய படப்பெட்டி கைக்குக் கிடைத்தால்

பழைய படங்களைப் புதுப்பிப்பது ரசிகரின் வேலையன்று. அந்த வேலை தெரிந்தவர் கைக்குப் போய்ச் சேரும்வரை படச்சுருளைக் கெடாமல் காப்பதும், அதில் எது குறைகிறது என்று எடுத்துச் சொல்வதுமே அவர் செய்யக்கூடியவை.

மூடிய கொட்டகையிலோ பழைய விநியோகஸ்தர் வீட்டிலோ படப்பெட்டி கிடைத்தால், ஓட்டிப் பார்க்கும் ஆசையை முதலில் அடக்குங்கள். சுருங்கிப்போன சுருளின் ஓரத்துளைகள் புரொஜெக்டரின் பற்களில் சிக்கிக் கிழிந்துவிடும். மூடியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், அசிடேட் என்னும் பிளாஸ்டிக்கால் ஆன சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த அமில ஆவி பக்கத்திலுள்ள சுருள்களையும் கெடுக்குமாதலால், அதை உடனே தனியே பிரித்து வைக்க வேண்டும். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய படமாக இருந்து, சுருளின் ஓரத்தில் 'சேஃப்டி' என்ற ஆங்கிலச் சொல்லும் இல்லையென்றால், அது நைட்ரேட் என்னும், எளிதில் தீப்பற்றும் பழைய வகைச் சுருளாக இருக்கலாம். தீப்பற்றினால் தண்ணீருக்குள்ளும் எரியக்கூடிய அதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. மற்றவற்றை, வெயிலும் ஈரமும் படாத குளிர்ந்த அறையில், டப்பாக்களைப் படுக்கைவாட்டில் அடுக்கி வைத்தால் போதும்.

அடுத்து, படம் முழுமையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் நீளமும் ரீல்களின் எண்ணிக்கையும் இருக்கும். 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 16,200 அடி என்றால் மூன்று மணி நேரம். காட்சி நேரத்தைக் குறைக்கக் கொட்டகைகளில் பாடல்களை வெட்டிவிடும் வழக்கம் இருந்தது. எனவே எந்தப் பாடல் போயிற்று என்பதற்கு, படத்துடன் விற்ற பாட்டுப் புத்தகத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. அதை ஸ்கேன் செய்யும்போது அட்டையையும் விளம்பரப் பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள்.

கீறல் விழுந்த பிரதி என்று எதையும் ஒதுக்க வேண்டாம். ஜெர்மானிய மௌனப்படமான 'மெட்ரோபோலிஸ்' படத்தின் தொலைந்த காட்சிகள், 2008இல் புவனஸ் அயர்ஸில், தேய்ந்த 16 மி.மீ. பிரதியொன்றிலிருந்துதான் கிடைத்தன. ஆனால் கிடைத்ததை வண்ணம் பூசி, கூர்மையேற்றி இணையத்தில் ஏற்றுவதைப் பாதுகாப்பு என்று நான் ஒப்பமாட்டேன்; மூலத்தில் இல்லாத முகச்சதையை மென்பொருள் தானே வரைந்துவிடுகிறது.

1964 முதல் புனேயில் இயங்கும் இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கோ, மும்பையிலுள்ள ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனுக்கோ எழுதுங்கள். பெட்டி உங்கள் கையில் இருப்பதால் படத்தின் உரிமை உங்களுடையதாகிவிடாது என்பதால், தயாரிப்பாளர் குடும்பத்துக்கும் தெரிவித்துவிடுவது நல்லது. ஒப்படைக்கும்போது ரீல்வாரியான பட்டியலுடன் எழுத்துப்பூர்வமான ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.