ஓ.பி.ஆர். எண்ணை நம்பி அணியைக் கணிக்கும்போது நேரும் தவறுகள்

பினாங்கு நாசி கண்டார் கடைக்கு இரண்டிரண்டு பேராகச் செல்லும் நண்பர்களின் மொத்த பில்கள் மட்டும் நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாள்தோறும் ஜோடி மாறினால், பில்கள் சேரச் சேர யார் எவ்வளவுக்குச் சாப்பிடுகிறார் என்று ஓரளவு கணக்கிட்டுவிடலாம். வெக்ஸ் வி5 போன்ற, இரண்டு அணிகள் கூட்டணியாக ஆடும் ரோபோட்டிக்ஸ் போட்டிகளில் ஓ.பி.ஆர். (Offensive Power Rating, ஓர் அணியின் புள்ளி எடுக்கும் திறனைக் காட்டும் எண்) செய்வதும் இதுவே: கூட்டணி எடுத்த புள்ளிகளை மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் மிகக் குறைவாக வரும்படி கணக்கிடும் முறை) ஒவ்வோர் அணிக்கும் பிரித்துக் கொடுக்கிறது. அந்த எண் அளந்தெடுத்ததன்று, ஊகித்தது என்பதை நம் தமிழ்ப்பள்ளி மாணவர்களும் அவர்களுக்குத் துணைநிற்கும் ஆசிரியர்களும் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

பொறுமையின்மைதான் முதல் தவறு. 24 அணிகள் ஆளுக்கு 6 தகுதி ஆட்டங்கள் ஆடினால் 36 ஆட்டங்களில், ஆட்டத்துக்கு இரண்டு கூட்டணிகள் வீதம், கிடைப்பவை 72 கூட்டணிப் புள்ளிக்கணக்குகளே. இரண்டு சுற்றுகள் முடிந்த நிலையில் 24 அணிகளுக்கு 24 புள்ளிக்கணக்குகள்தான் இருக்கும். அப்போது ஒரு ரோபோவின் பேட்டரி கம்பி கழன்றுபோனாலும், அதனோடு சேர்ந்து ஆடிய நல்ல அணியின் மதிப்பு காரணமின்றிச் சரிந்துவிடும்.

அடுத்தது, என் பார்வையில் இதைவிடப் பெரியது: இரு அணிகளின் எண்களைக் கூட்டினால் கூட்டணியின் புள்ளி வந்துவிடும் என்ற நம்பிக்கை. நண்பர்கள் இருவரும் ஒரே மீன்தலைக் கறியைப் பகிர்ந்துகொண்டால் பில் அப்படிக் கூட்டுத்தொகையாக வராது. ஒரே வகை இலக்கை நாடும் இரண்டு வலுவான ரோபோக்கள் ஒன்றின் வழியை மற்றொன்று மறிக்க, எண் குறைந்த ஆனால் வேறு வேலை செய்யும் துணையே அதிகம் உதவக்கூடும். இறுதிச் சுற்றுகளுக்கான கூட்டணித் தேர்வுக்கு முன், அணிகள் ரோபோவைச் சீர்செய்யும் பிட் பகுதிக்கு நடந்து சென்று ரோபோவை நேரில் பார்ப்பதற்கு ஈடான அட்டவணை எதுவும் இல்லை.

எதிரணி எடுத்த புள்ளிகளிலிருந்து பெறப்படும் டி.பி.ஆர். (Defensive Power Rating) எண்ணைத் தற்காப்புத் திறன் என்று படிப்பதும் பிழை. தற்காப்பு அரிதான ஆட்டங்களில் அது பெரும்பாலும் எதிரிகள் யார் என்பதையே காட்டும். ஆட்டமே ஆண்டுதோறும் மாறுவதால், சென்ற பருவத்தின் எண்ணை இப்பருவத்தோடு ஒப்பிடுவதிலும் பொருளில்லை.

கணிப்பைச் சோதிக்கும் விதத்திலும் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. 36 ஆட்டங்களையும் கொண்டு கணக்கிட்ட எண், அதே 36 ஆட்டங்களின் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. காலை ஆட்டங்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டு, மாலை ஆட்டங்களின் முடிவை முன்கூட்டியே தாளில் எழுதிவைத்துச் சரிபார்க்க வேண்டும்.