அம்மோனியாவை வைத்து விண்மீன் பிறக்கும் மேகத்தை அளப்பது எப்படி?

விண்மீன் பிறக்கும் மேகத்தில் இருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் மூலக்கூறுதான். ஆனால் 10 கெல்வின் (சுமார் -263 டிகிரி செல்சியஸ்) குளிரில் அது ரேடியோவில் வாயே திறக்காது. அதனால் கூடவே இருக்கும் வேறு மூலக்கூறுகளைத் தேட வேண்டும். எல்லோரும் முதலில் போவது கார்பன் மோனாக்சைடிடம். மேகத்தின் வெளிப்பகுதிக்கு அது சரி. அடர்ந்த கருவுக்குள் அது தூசித் துகள்கள்மேல் பனியாக உறைந்துவிடும். அங்கே கைகொடுப்பது அம்மோனியா.

படி 1: தரவை எடுங்கள்

பெர்சியஸ் விண்மீன் கூட்டத்தின் திசையில், சுமார் 1000 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் என்ஜிசி 1333 என்ற விண்மீன் பிறக்கும் மேகம் தொடங்குவதற்கு நல்ல இடம். அமெரிக்காவின் 100 மீட்டர் கிரீன் பேங்க் தொலைநோக்கி எடுத்த அதன் அம்மோனியா தரவு இலவசமாகவே கிடைக்கிறது. அம்மோனியா மூலக்கூறு சுழலும் இரண்டு நிலைகளிலிருந்து வரும் ரேடியோ கோடுகளுக்கு ஒவ்வொன்றாக இரண்டு கோப்புகள் வேண்டும்: (1,1) கோடு, 23.694 கிகாஹெர்ட்ஸ், (2,2) கோடு, 23.723 கிகாஹெர்ட்ஸ். அடைப்புக்குறி எண்கள் அந்தச் சுழற்சி நிலையின் பெயர். திறந்து பார்க்க கார்ட்டா என்ற இலவச மென்பொருள் போதும்.

படி 2: நிறமாலையைப் பாருங்கள்

பிரகாசமான ஓரிடத்தில் கர்சரை வைத்து, (1,1) கோட்டின் அச்சை வேகத்துக்கு மாற்றுங்கள். ஐந்து முகடுகள் தெரியும். ஐந்து மேகங்கள் என்று நினைத்துவிடாதீர்கள்! மேகம் ஒன்றுதான். நைட்ரஜன் அணுக்கருவின் மின்னூட்டம் சரியான உருண்டையாகப் பரவியிராததால் (மின் நான்முனைத் தன்மை) ஒரே கோடு இப்படிப் பிளந்து நிற்கிறது. நடு முகடு நொடிக்கு 8 கிலோமீட்டரை ஒட்டி இருக்கும். அதுதான் மேகத்தின் வேகம். அதற்கு இருபுறமும் ஏறக்குறைய 7.5, 19.5 கிலோமீட்டர் தள்ளி துணை முகடுகள்.

இந்தப் பிளவு உண்மையில் ஒரு வரப்பிரசாதம். கதிர் தடையின்றி வெளிவரும் அளவுக்கு வாயு மெல்லியதாக இருந்தால் நடு முகட்டின் பரப்பு, பக்கத்துத் துணை முகட்டைப் போல 3.6 மடங்கு இருக்கும். விகிதம் அதைவிடக் குறைந்தால், நடு முகடு இதற்கு மேல் வளர முடியாமல் செறிந்துபோய்விட்டது, பார்வைக் கோட்டில் அம்மோனியா நிறைய இருக்கிறது என்று அர்த்தம். வேறு எந்த அளவீடும் தேவையில்லை.

படி 3: அகலமும் வெப்பநிலையும்

நடு முகட்டின் அகலத்தை நேரடியாக அளக்காதீர்கள். அதுவே பல நுண்கோடுகளின் கூட்டு. மொத்தம் 18 நுண்கோடுகளும் தெரிந்த பைஸ்பெக்கிட் என்ற பைதான் நிரலிடம் விட்டுவிடுங்கள். 10 கெல்வினில் வெப்ப அசைவு மட்டும் தரும் அகலம் நொடிக்கு 0.16 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் வருவது பெரும்பாலும் கொந்தளிப்பு.

வெப்பநிலையைச் சொல்வது (2,2). (1,1) நிலையிலிருந்து அந்த நிலைக்கு ஏற 41 கெல்வின் அளவு கூடுதல் ஆற்றல் வேண்டும். குளிர் கூடக்கூட (1,1)-ஐ ஒப்பிட அந்தக் கோடு மங்கும்; அதை வைத்தே நிரல் வெப்பநிலையைக் கணக்கிடும். (2,2) கோடு தரவின் இரைச்சலைவிட மூன்று மடங்காவது உயரம் இல்லாத இடங்களில் நிரல் தரும் வெப்பநிலையை நம்பாதீர்கள். வேகத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.