வேலை பார்த்துக்கொண்டே வணிகப் பட்டம்: பணம் கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் ஷிப்ட் வேலை பார்க்கும் நம்மவர்களில் நிறைய பேருக்கு அனுபவம் மலைபோல இருக்கிறது, எஸ்பிஎம்முக்கு (ஐந்தாம் படிவத் தேர்வு) மேல் கையில் சான்றிதழ்தான் இல்லை, அதனாலேயே பதவி உயர்வு வேறு யாருக்கோ போய்விடுகிறது. இணையவழிப் பட்டம் அதற்கு நல்ல வழி. ஆனால் விளம்பரத்தைப் பார்த்த வேகத்தில் பணம் கட்டிவிடாதீர்கள்.

முதலில் மலேசியாவில் அங்கீகாரம் பெற்ற படிப்புகளைப் பட்டியலிடும் எம்கியூஆர் பதிவேட்டை இணையத்தில் திறந்து, பல்கலைக்கழகத்தின் பெயரோடு நிற்காமல், நீங்கள் படிக்கப்போகும் படிப்பின் பெயரையே தேடுங்கள். அங்கீகாரம் படிப்புக்குப் படிப்பு தனித்தனி. பெரிய பெயர் என்று நம்பிச் சேர்ந்து, பிறகு சான்றிதழ் செல்லாது என்று நிற்கக் கூடாது. வேலை செய்பவர்களை மனதில் வைத்தே நடப்பவை என்றால் ஜார்ஜ் டவுனில் வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2000இல் தொடங்கிய ஓயுஎம் என்ற மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. அங்கிருந்தே விசாரிக்கத் தொடங்கலாம்.

எஸ்டிபிஎம் (ஆறாம் படிவத் தேர்வு), டிப்ளோமா இல்லையா? அதற்காக ஒதுங்கிவிட வேண்டாம், வேலை அனுபவத்தையே தகுதியாக எடுத்துக்கொள்ளும் ஏபெல் ஏ என்ற வழி உங்களுக்காகத்தான். 21 வயது ஆகியிருந்து, துறை சார்ந்த வேலை அனுபவமும் இருந்தால், ஒரு தேர்வு எழுதி, உங்கள் அனுபவத்தைக் காட்டும் கோப்பையும் கொடுத்து இளங்கலைக்குத் தகுதி பெறலாம். கோப்புதான் பலருக்கு இடிக்கும். முதலாளியின் கடிதம், பயிற்சிச் சான்றிதழ், பதவி உயர்வுக் கடிதம் எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுத்து வையுங்கள், பழைய கம்பெனி மூடிவிட்டால் அப்புறம் கடிதம் யார் தருவார்?

சரி, நேரக் கணக்கு. இளங்கலைக்குக் குறைந்தது 120 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 40 மணி நேர உழைப்பு. அப்படியென்றால் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றை 15 வாரத்தில் முடிக்க வாரம் எட்டு மணி நேரம் வேண்டும், இரண்டு எடுத்தால் பதினாறு. ஓவர்டைம் செய்பவர் முதல் செமஸ்டரில் இரண்டுக்கு மேல் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. மெதுவாகப் போனாலும் பட்டம் பட்டம்தான், நடுவில் விட்டால் பணமும் மனசும் போய்விடும்.

பணத்துக்கு இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில் உள்ள உங்கள் செஜாத்தெரா கணக்கிலிருந்து கல்விக்காக எடுக்கலாம். ஓய்வுக்காலப் பணம் அது என்பதால், மாதத் தவணையில் கட்ட முடிகிறதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

தேர்வு அட்டவணை வந்த அன்றே சூப்பர்வைசரிடம் தேதிகளைக் கொடுத்துவிடுங்கள், ஷிப்ட் பட்டியல் போட்ட பிறகு கேட்டால் மாற்றித் தருவது அவருக்கும் கஷ்டம்.