வேலூர்க் கோட்டை: மதில் மேலிருந்து பார்க்க ஒரு வழிகாட்டி

வேலூர்க் கோட்டைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் ஜலகண்டேஸ்வரரைத் தரிசித்து, அருங்காட்சியகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பூங்காப் புல்வெளியில் சற்று உட்கார்ந்து எழுந்து ஊர் திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் மதில் மேல் ஏற வேண்டும். கோயிலும் மகால்களும் பிறகு. விஜயநகரப் பேரரசின் கீழ் 16ஆம் நூற்றாண்டில் எழும்பிய இக்கோட்டை ஏன் இத்தனை பேரால் விரும்பப்பட்டது என்பது மேலே நின்றால்தான் புரியும்.

காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்குவோர் பாகாயம் செல்லும் நகரப் பேருந்தில் வரலாம். சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் தங்கியிருப்போருக்கு நடக்கும் தூரம்தான். மதில் மேல் நிழல் என்பதே கிடையாது. வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மார்கழி, தை மாதங்களில் எந்த நேரமும் ஏறலாம். மற்ற காலங்களில் காலையிலேயே ஏறி இறங்கிவிடுவது நல்லது. தண்ணீரும் பிடிமானமுள்ள செருப்பும் போதும்.

கிழக்கு வாசல் வழியாக நுழைந்ததும், உட்புறத்திலிருந்து மதிலுக்கு ஏறும் சரிவுகளும் படிகளும் கண்ணில் படும். மழை பெய்த மறுநாள் கருங்கல் வழுக்கும் என்பதால் அன்று ஏறாதிருப்பதே மேல். தொல்லியல் துறை அடைத்து வைத்திருக்கும் இடங்களைத் தாண்டிச் செல்லக் கூடாது. கைப்பேசியில் படம் எடுப்பதற்காக விளிம்புச் சுவரின் மீது ஏறி நிற்பவர்களைப் பார்த்து நாமும் அவ்வாறு செய்ய வேண்டியதில்லை, ஏனெனில் அந்தப் பக்கம் விழுந்தால் அகழிதான்.

மேலே சென்றதும் துப்பாக்கித் துளை ஒன்றில் கண்ணை வைத்துப் பாருங்கள். ஊர் தெரியாது, எதிரி வந்து நிற்கக்கூடிய சிறு துண்டு நிலமோ நீரோ மட்டும் தெரியும். அடுத்து, உயர்ந்த உள்மதிலுக்கு வெளியே தாழ்வான இன்னொரு மதில் ஓடுவதையும், அதற்கப்பால் அகழி சூழ்ந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். அகழியில் முதலைகள் விடப்பட்டிருந்தன என்பார்கள். விரிஞ்சிபுரம் வரை சுரங்கம் உண்டு என்றும் யாராவது சொல்வார்கள், ஆனால் அதன் வாயைக் காட்ட ஆள் இல்லை. கிழக்கே திரும்பினால் குன்றுகளின் மேல் சிறு கோட்டைகள் தெரியும். இந்த அகழியையும் மதிலையும் நேரடியாகத் தாக்கிப் பிடிப்பது எளிதல்ல என்பதால், 1677இல் முற்றுகையிட்ட மராட்டியர் அக்குன்றுகளைத் தமதாக்கிக்கொண்டு, ஓராண்டுக்கு மேல் காத்திருந்து 1678இல்தான் கோட்டையைக் கைப்பற்றினர்.

வாசலுக்கு மேலுள்ள பகுதியில் சற்றுக் கூடுதல் நேரம் நிற்பது தகும். புதிய தலைப்பாகையை அணியவும், நெற்றிச் சின்னங்களையும் தாடியையும் விட்டுவிடவும் கட்டாயப்படுத்தப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள், 1806 ஜூலை 10 விடியுமுன் இங்கே கிளர்ந்தெழுந்தனர். மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் பிள்ளைகள் உள்ளே சிறையிருந்த நேரம் அது. மைசூர்க் கொடியும் ஏறியது. செய்தி கேட்டு ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி, வாசலில் எஞ்சியிருந்த ஆங்கிலேயர் இறக்கிவிட்ட கயிற்றையும் இடைக்கச்சையையும் பற்றி இம்மதிலில் ஏறினார். பீரங்கிகளால் கதவு தகர்க்கப்பட்டு, அன்றே எழுச்சி ஒடுக்கப்பட்டது. கீழே குனிந்து பார்த்தால் அந்த ஏற்றம் எத்தகையது என்பது விளங்கும்.

நடுப்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள். ஆகவே அதற்குமுன் இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறிய பிறகு பிராகாரக் கற்களில் வெறுங்காலை வைக்க முடியாது என்பதும் ஒரு காரணம். நெடுங்காலம் மூலவர் இல்லாதிருந்த இக்கோயிலில் 1981இல்தான் லிங்கம் மீண்டும் வந்து சேர்ந்தது. கல்யாண மண்டபத் தூண்களை அவசரப்படாமல் பார்க்க அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். யாளிகள் மட்டுமே அத்தனை நேரம் பிடிக்கும். அரசு அருங்காட்சியகத்திற்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நேரம் மிஞ்சினால், இங்கே சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்த கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நினைவிடமான முத்துமண்டபத்தைப் பாலாற்றங்கரையில் காணலாம். ஆட்டோவில் சிறிது நேரத்தில் போய்விடலாம்.