ஏல வீடு வாங்கும் முன்: சாவி யார் கையில்?

மதுரையில் மின்வாரியக் கணக்கீட்டாளராக 28 வருடம் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். வில்லாபுரம், அனுப்பானடி, பழங்காநத்தம், செல்லூர் என்று தெருத் தெருவாக நடந்திருக்கிறேன். நிஜமாகவே பூட்டிக் கிடக்கும் வீடு எது, உள்ளே ஆள் இருந்தும் கதவு திறக்காத வீடு எது என்று வாசலில் நின்றாலே தெரிந்துவிடும். ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வங்கி ஏலத்தில் இரண்டு வீடுகள் வாங்கினேன். ஒன்று 40 நாளில் கைக்கு வந்தது. மற்றொன்றுக்கு 14 மாதம் அலைந்தேன். விலையிலோ ஏரியாவிலோ இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. முதல் வீட்டின் சாவி வங்கியிடம் இருந்தது. இரண்டாவது வீட்டில் ஒரு குடும்பம் குடியிருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

புதிதாக வருகிறவர்களுக்காக முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். அடமானக் கடனில் தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோனால் அது வாராக்கடன். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுக்கும். அப்போதும் கட்டவில்லை என்றால், வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்காமலே சொத்தை எடுத்து ஏலம் விடலாம். முதல் ஏலத்துக்கு 30 நாள் அவகாசம் தந்து இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் வரும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்கும். பொதுத்துறை வங்கிகளின் சொத்துகளை 2025 ஜனவரியில் தொடங்கிய பேங்க்நெட் தளத்தில் மாவட்டவாரியாகத் தேடலாம். பதிவு செய்ய பான், ஆதார் வேண்டும்.

தேடும்போது கோயம்புத்தூரில் மலிவு, ஓசூரில் மலிவு என்று ஓடாதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து டூவீலரில் அரைமணி நேரத்தில் போய்வரக் கூடிய இடமாகப் பாருங்கள். மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே பல நகர்கள் கண்மாய்க்கு அருகிலும், சில இடங்களில் கண்மாய்க்குள்ளேயும் முளைத்தவை. 2024 அக்டோபர் மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. விளம்பரத்தில் அது இருக்காது. எதிர்வீட்டுக்காரருக்குத் தெரியும், மூலையில் டீக்கடை வைத்திருப்பவருக்குத் தெரியும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். விளம்பரத்தில் சுவாதீனம், அதாவது வீடு இப்போது யார் வசம் என்ற கட்டத்தை முதலில் பாருங்கள். பிசிகல் என்று இருந்தால் வங்கி வீட்டைக் காலிசெய்து பூட்டு போட்டிருக்கிறது. சிம்பாலிக் என்று இருந்தால் சுவரில் நோட்டீஸ் மட்டும் ஒட்டியிருக்கிறது, உள்ளே பெரும்பாலும் ஆள் இருப்பார்கள். அவர்களை வெளியேற்ற வங்கி சர்ஃபேசி சட்டத்தின் 14-ஆம் பிரிவின் கீழ் மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நடுவரிடமோ மனுப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். கடன் வாங்கியவரும் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இரண்டாவது வீட்டுக்கு நான் ஏலம் கேட்டபோது, "ஒரே மாசத்துல காலி பண்ணிக் கொடுத்துருவோம் சார்" என்று வங்கி அதிகாரி வாயால் சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லை. பிறகு அந்தக் குடும்பம் தீர்ப்பாயத்தில் தடை வாங்கியது. நான் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, அதில் கடனாக எடுத்த 9 லட்சத்துக்கு வட்டியும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விளம்பரம் எதைச் சொன்னாலும் நேரில் போய் மீட்டரைப் பாருங்கள். மீட்டரில் விளக்கு மினுங்கி, எண் ஏறிக்கொண்டே இருந்தால் உள்ளே யாரோ மின்சாரம் எடுக்கிறார்கள். ப்யூஸ் கேரியரைக் கழற்றியிருந்தால் பாக்கி நின்று இணைப்பைத் துண்டித்திருக்கிறார்கள். மீட்டரே இல்லை என்றால் புது இணைப்புச் செலவு உங்கள் தலையில். பழைய மின்கட்டணப் பாக்கியைப் புது உரிமையாளரிடம் விதிமுறைப்படி கேட்கலாம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் மீட்டர் அட்டையில் இருக்கும் இணைப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பாக்கி எவ்வளவு என்று விசாரியுங்கள். வீட்டுவரி, பாதாளச் சாக்கடைக் கட்டணத்துக்கும் இதே கதைதான். ஏல நிபந்தனையில் 'உள்ளது உள்ளபடி' என்ற வரி சும்மா போடப்படுவதில்லை.

உள்ளே இருப்பது வாடகைக்காரரா, கடன் வாங்கியவரேதானா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடமானத்துக்கு முன்பே பதிவு செய்த குத்தகை இருந்தால் அவரை எளிதில் எழுப்ப முடியாது.

காகிதங்களில் நான் பார்ப்பது மூன்று. பதிவுத்துறை இணையதளத்தில் 30 வருட வில்லங்கம்: அடமானத்துக்காக வங்கிக்கு எழுதிக்கொடுத்த உரிமைப்பத்திர ஒப்படைப்பு ஆவணம் அதில் இருக்கிறதா, அதற்கு முன்னும் பின்னும் கிரைய ஒப்பந்தமோ நீதிமன்ற ஜப்தியோ ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து பட்டாவும், நிலத்தின் வகையைச் சொல்லும் 'அ' பதிவேடும்: சர்வே எண்ணுக்கு நேரே நீர்நிலை, கோயில், வக்ஃபு, புறம்போக்கு என்று இருந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். கடைசியாக புலப்பட நகல், அதாவது மனையின் அளவு வரைபடம். ஒரு சர்வேயரை அழைத்துப்போய் நான்கு பக்க அளவையும் சரிபாருங்கள், பத்திரத்தில் இருக்கும் மனை ஒன்று, வங்கி காட்டும் வீடு இன்னொன்று என்பதும் நடக்கிறது. மூலப்பத்திரத்தின் நகலை வங்கியில் வாங்கி உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். வங்கியின் வக்கீல் ஏற்கெனவே பார்த்துவிட்டார் என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

பணக்கணக்குக்கு என் முதல் வீட்டையே சொல்கிறேன். குறைந்தபட்ச விலை 24 லட்சம். முன்வைப்புத்தொகை 10 சதவீதம், 2,40,000 ரூபாய். 24,75,000-க்கு எனக்கு முடிந்தது. அன்றோ அடுத்த வேலை நாளிலோ மொத்தம் 25 சதவீதம் கட்டியாக வேண்டும். முன்வைப்புத்தொகை போக 3,78,750 கட்டினேன். மீதி 18,56,250-க்கு விற்பனை உறுதியான நாளிலிருந்து 15 நாள் கெடு. வங்கி எழுத்தில் சம்மதித்தால் அதிகபட்சம் 3 மாதம் வரை நீட்டலாம், ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். கெடு தவறினால் கட்டிய பணம் போய்விடும். 25 சதவீதத்தை இப்படிப் பறிமுதல் செய்தது சரிதான் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. கடன் வாங்கித்தான் கட்டப்போகிறீர்கள் என்றால் ஏலத்துக்கு முன்பே வங்கியில் பேசி ஒப்புதலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வரை கேட்பது? அந்தத் தெருவில் சமீபத்தில் கைமாறிய விலையிலிருந்து ரிப்பேர், பாக்கிகள், பதிவுச் செலவு, ஆறு மாத வட்டி எல்லாவற்றையும் கழியுங்கள். வங்கி தரும் விற்பனைச் சான்றிதழைப் பதிய முத்திரைத்தீர்வையும் கட்டணமும் எவ்வளவு ஆகும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்டுவதும் உங்கள் பொறுப்பு. கழித்து வரும் எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏலத்தில் உட்காருங்கள். கடைசி நிமிடங்களில் யாராவது விலை ஏற்றினால் நேரம் தானாக நீளும், அப்போதுதான் கை துறுதுறுக்கும். யாரும் கேட்காமல் போன சொத்து பெரும்பாலும் குறைந்த விலையில் மறு ஏலத்துக்கு வரும். காத்திருக்கலாம்.

அந்தப் பதினான்கு மாதக் கதையை முடிக்காமல் விட்டேனே. தீர்ப்பாயத்தில் அவர்கள் மனு தள்ளுபடியான பிறகு நானே அந்த வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கணவருக்கு லேத் பட்டறை, ஆர்டர் நின்றுபோனதில் கடன் ஏறிவிட்டது. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடியும்வரை இருங்கள் என்று சொன்னேன். புது வீட்டு அட்வான்ஸுக்கும் லாரி வாடகைக்கும் 60,000 ரூபாய் கொடுத்தேன். ஏப்ரலில் அவர்களே வங்கிக்குப் போய்ச் சாவியை ஒப்படைத்தார்கள். இப்படி ஒரு நிலை வந்தால் கரண்டை நிறுத்துவது, தண்ணீர்க் குழாயை அடைப்பது, ஆள் வைத்து மிரட்டுவது எதையும் செய்யாதீர்கள். சட்டப்படி குற்றம், மனிதருக்குச் செய்யக் கூடிய காரியமும் இல்லை. ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும் வீட்டை விலைபேச எனக்கு இனி மனம் வராது. முதல்முறை வாங்குகிறவர்கள் பிசிகல் என்று இருப்பதை மட்டும் பாருங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு வட்டி ஒரு காரணம், இது இன்னொரு காரணம்.

சாவி வாங்கும் நாளில் வங்கி அதிகாரி முன்னாலேயே கதவைத் திறந்து ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். பழைய குடும்பத்தின் சாமான் ஏதும் இருந்தால் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். விற்பனைச் சான்றிதழோடு மூலப்பத்திரங்களின் அசலையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். பதிவு முடிந்த அதே வாரம் பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு மூன்றுக்கும் பெயர் மாற்ற மனு கொடுத்துவிடுங்கள். அப்புறம், அன்றைய மீட்டர் ரீடிங்கைத் தேதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். அதற்கு முந்தைய யூனிட் எதுவும் உங்களுடையது இல்லை என்று காட்ட அந்தப் படம்தான் உதவும்.